தோற்ற வீரனுக்குக் கூடிய சன்மானமா?

மாசி மாதத்து மாலை வேளை. கல்லடிப் பாலத்திற்கு அண்மையிலுள்ள தேநீர்க்கடை ஒன்றில், என்னிடம் முன்னர்ப் பொருளியல் பயின்ற இளைஞர் நால்வர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து பெருங்குரலில் வாதாடிக்கொண்டிருந்தனர். வாவியின் நீர் அசைவற்றுக் கிடந்தது, இவர்களோ பொங்கிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் எழுந்து இடங்கொடுத்தார்கள். ஆசிரியன் ஒருவன் அகப்பட்டுவிட்டால், எந்த வழக்கையும் தீர்த்துவைக்கும் பொறுப்பு அவன் தலையிலே விழுவது நம் ஊர் வழமை.

"சேர், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்றான் அவர்களுள் முந்திப் பேசும் சுபாவமுடையவன். "சண்டையில் தோற்றவனைத் திரும்பக் கூப்பிட்டு, முதல் கொடுத்ததைவிட மூன்று மடங்கு காசு கொடுக்கிறார்களாம். வாவியில் வலை வீசுகிறவன் வெறும் வலையோடு கரைக்கு வந்தால், அவனுக்கு மூன்று மடங்கு மீனா கொடுப்பார்கள்?"

கேள்வி நயமாகத்தான் இருந்தது. கடைக்காரர்கூடத் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் செவி கொடுத்தார். நான் உடனே விடை கூறவில்லை. விடை தெரியாமையே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அன்றிரவு வீட்டிற்குச் சென்று, அவர்கள் கூறிய விவரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

அவர்கள் குறிப்பிட்டவர் கொனர் மக்கிரகர் என்னும் அயர்லாந்து வீரர். குத்தும் உதையும் மற்பிடியும் ஒருங்கே அனுமதிக்கப்பட்ட கலப்புச் சண்டையில் அவர் பெயர் உலகெங்கும் பிரசித்தம். 2016 மார்ச் 5ஆம் திகதி அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், யூ.எப்.சி. என்னும் நிறுவனம் நடத்திய போட்டியில் அவர் நேட் டயஸ் என்பவரை எதிர்த்தார். டயஸ், காயமடைந்த வேறொரு வீரருக்குப் பதிலாகப் பதினொரு நாள் முன்னறிவித்தலோடு அழைக்கப்பட்டவர். ஆயினும் இரண்டாம் சுற்றிலேயே மக்கிரகரின் கழுத்தை முழங்கையால் நெரித்துப் பணியவைத்து விட்டார். அன்று தோற்றவருக்கு அறிவிக்கப்பட்ட ஊதியம் 10 இலட்சம் டொலர். வென்றவருக்கு 5 இலட்சம் டொலர். ஐந்து மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்ட் 20ஆம் திகதி இருவரும் மீண்டும் மோதினர். அப்பொழுது மக்கிரகருக்கு 30 இலட்சம், டயசுக்கு 20 இலட்சம். தோற்றவரின் கூலி மூன்று மடங்காயிற்று என்று என் மாணாக்கன் கூறியது முற்றிலும் உண்மையே.

ஆனால் அதே கணக்கை மறுபுறமிருந்தும் பார்த்தல் வேண்டுமல்லவா? வென்றவரின் கூலி நான்கு மடங்காயிற்று. முதற்போட்டியில் மக்கிரகர் தோற்றிராவிடின் இரண்டாம் போட்டியே இல்லை. டயசுக்கு 20 இலட்சமும் இல்லை. தோல்வி இருவருக்கும் சேர்த்தே படியளந்தது.

மற்றொரு நிகழ்ச்சி இதைவிடக் கசப்பானது. ரொண்டா ரௌசி என்னும் அமெரிக்க வீராங்கனை, 2015 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஐம்பத்தாறாயிரம் பேருக்கு முன்னால் ஹொலி ஹோம் என்பவரிடம் தம் பட்டத்தை இழந்தார். பின்பு ஓராண்டுக்கு மேல் மேடை ஏறாதிருந்து, 2016 டிசம்பர் 30ஆம் திகதி அமண்டா நூனெஸ் என்னும் பிரேசில் வீராங்கனையை எதிர்த்தார். நூனெஸ் அப்பொழுது பட்டம் வகித்தவர். போட்டி 48 விநாடிகளில் முடிந்தது. ரௌசி நின்ற நிலையிலேயே அடிபட்டுத் தள்ளாட, நடுவர் இடையே புகுந்து நிறுத்தினார். தோற்ற ரௌசிக்கு 30 இலட்சம் டொலர். பட்டத்தைக் காத்த நூனெசுக்கு, வெற்றிப் பணமும் சேர்த்து, 2 இலட்சம். ஒன்றுக்குப் பதினைந்து! இதை வாசித்தபோது, தேநீர்க்கடையில் மேசையைத் தட்டிய அந்தப் பையனின் பக்கமே என் மனம் சாய்ந்தது.

மறுநாள் உயர்தர வகுப்பில் இதனையே விவாதப் பொருளாக வைத்தேன். 'கூலி என்பது எதற்குக் கொடுக்கப்படுவது?' என்ற கேள்வியோடு தொடங்கினோம். வென்றதற்கா, வியர்வை சிந்தியதற்கா, கூட்டத்தைக் கூட்டியதற்கா? ஒரு மாணவி எழுந்து கீதையைத் துணைக்கு அழைத்தாள். கடமையில்தான் உரிமையுண்டு, பலனில் இல்லை, ஆகையால் தோற்றவன் பணமே கேட்கலாகாது என்றாள். பின்வரிசையிலிருந்த ஒருவன், "கண்ணன் சொன்னது கர்மயோகிக்கு, ஒப்பந்தத்திலே கையெழுத்துப் போட்டவனுக்கு இல்லை" என்றான். வகுப்பு சிரித்து ஓய்வதற்குச் சற்று நேரமாயிற்று.

பொருளியல் நூல்கள் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஷெர்வின் ரோசன், 1981இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நட்சத்திரங்களின் வருமானத்தை ஆராய்ந்தார். ஒருவருடைய ஆற்றலை ஒரே வேளையில் பல இலட்சம் பேர் கண்டு களிக்கக்கூடிய தொழில்களில், ஆற்றலிலே சிறு வேற்றுமை இருந்தாலும் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டாகும் என்பது அவர் கண்ட முடிபு. நம்மூர் அண்ணாவியார் எத்துணை வல்லவராயினும் ஒரு களரியைச் சுற்றி நிற்பவர் மட்டுமே அவரது கூத்தைக் காண இயலும். மக்கிரகரின் சண்டையையோ, காசு கட்டி வீட்டிலிருந்தபடியே உலகம் பார்க்கிறது. பார்ப்பவர் கொடுக்கும் பணம் வெற்றிக்கு முன்னரே வசூலாகிவிடுகிறது. வென்றவர் யார் என்று தெரிந்த பிறகு எவரும் ரிக்கெற் வாங்குவதில்லை.

இவ்வாறு பார்த்தால், தோற்ற நட்சத்திரம் பெறுவது தோல்விக்கான பரிசு அன்று. 'இவர் மீண்டு எழுவாரா?' என்னும் சனங்களின் ஆவலுக்கு விதிக்கப்பட்ட விலை அது. அந்த ஆவல் புதியதும் அன்று.

எங்கள் தந்தையார் காலத்தவர்க்குத் தாராசிங், கிங்காங் என்னும் பெயர்களே போதும். ஹங்கேரியிற் பிறந்து சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டிருந்த கிங்காங் என்னும் மாமிச மலையும், பஞ்சாபிலிருந்து வந்த தாராசிங்கும் ஊர் ஊராக மோதினார்கள். ஒரு முறை தோற்றவர் மறுமுறை தோற்கமாட்டார் என்ற நம்பிக்கையோடு மக்களும் ஊர் ஊராகக் காசு கொடுத்தார்கள். (பிற்காலத்தில் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்தவர் அதே தாராசிங்தான், அவர் 2012இல் காலமானார்.) அவ்வகை மல்யுத்தங்கள் பலவற்றில் முடிவு முன்னரே பேசிவைக்கப்பட்டிருக்கும் என்பர். அங்கே தோற்பதும் ஒரு தொழிலே; அதற்கும் கூலி உண்டு. அது வேறு கணக்கு.

மெய்யான மல்யுத்தத்திலும் இவ்விசித்திரம் நிகழ்ந்திருக்கிறது. 1910 செப்ரெம்பரில் இலண்டன் நகரில், இந்திய மல்லர் காமா, போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். பரிசு 250 பவுண். ஸ்பிஸ்கோ விரிப்பிலே படுத்தவர் படுத்தவர்தாம். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவரைப் புரட்ட முடியவில்லை. சமநிலை என்று அறிவித்து, ஒரு வாரங்கழித்து மீண்டும் மோதவேண்டுமென நாள் குறித்தனர். குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவேயில்லை. அவ்வாறு ஒளித்துக்கொண்டவரைத்தான், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928இல் பட்டியாலா சமஸ்தானத்திற்கு அழைத்து வந்து, காமாவோடு மறுபடியும் பொரவிட்டார்கள். ஒரு நிமிடம் நிறைவதற்குள் காமா அவரை மல்லாத்தினார். புகழோடு வென்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, ஓடி ஒளித்தவரின் பெயருக்கே அத்துணைக் கூட்டம்!

முகம்மது அலியின் வரலாறோ இவ்விஷயத்தில் ஒரு பாடநூலுக்கு ஒப்பானது. வியட்நாம் யுத்தத்திற்குப் படைசேர மறுத்தமைக்காகப் பட்டமும் அனுமதியும் பறிக்கப்பட்டு, 1967 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் அவர் மேடையேற இயலாதிருந்தது. 1971 மார்ச் 8ஆம் திகதி நியூயோர்க் நகரில் ஜோ பிரேசியரை எதிர்த்தபொழுது, இருவருக்கும் சமமாகத் தலைக்கு 25 இலட்சம் டொலர் உறுதிசெய்யப்பட்டிருந்தது. பதினைந்து சுற்றுகள் நடந்தன. கடைசிச் சுற்றில் அலி நிலத்தில் வீழ்ந்து எழுந்தார், தோற்றார். 1973 மார்ச்சில் கென் நோர்ட்டன் அவர் தாடையை உடைத்துத் தோற்கடித்தார். பின்னர் அலி இவ்விருவரையும் வென்று பழி தீர்த்துக்கொண்டது உண்மையே. எனினும், 1974 ஒக்ரோபரில் ஆபிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜோர்ஜ் போர்மனை எதிர்த்தபோது நடந்ததைக் கவனியுங்கள். போர்மன் அதுவரை எவரிடமும் தோல்வி காணாதவர். உலகப் பட்டமும் அவர் கையில். அலியோ இரு முறை தோற்று எழுந்தவர். இருவருக்கும் ஒரே தொகை. தலைக்கு 50 இலட்சம் டொலர். தன் நாட்டின் பெயர் உலகிற் பரவவேண்டும் என்ற ஆசையால் அந்நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டுவின் அரசாங்கம் அப்பணத்திற்குப் பொறுப்பு நின்றது. ஏழை மக்களின் நாடு அது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அலி வென்றார், அது எல்லோரும் அறிந்த கதை. எல்லோரும் அறியாத கதை 1980இல் நடந்தது. அவ்வாண்டிலேதான் அவர் சென்னைக்கும் வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். அதே ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி லாஸ் வேகசில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். அடித்தவருக்கே மனம் பொறுக்கவில்லை என்பார்கள். அச்சண்டைக்கு அலிக்குப் பேசிய தொகை 80 இலட்சம் டொலர். கையில் வந்தபோது 10 இலட்சத்திற்கு மேல் குறைந்திருந்தது. வழக்குத் தொடுத்தார், ஈற்றில் 50,000 டொலரைப் பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டார். 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் என்று வைத்தியர்கள் கூறினர். தோற்ற நட்சத்திரத்திற்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறார்களே என்று கொதிப்பவர்கள், கொடுப்பதாகச் சொன்னதும் கொடுத்ததும் ஒன்றா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.

அவருக்கும் முந்திய ஜோ லூயி 1936இல் ஜேர்மனியரான ஷ்மெலிங்கிடம் தோற்று, 1938இல் 124 விநாடிகளில் அவரை வீழ்த்தி உலகப் புகழ் பெற்றவர். யுத்தகாலத்தில், 1942இல், இரண்டு சண்டைகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். ஆனாலும் வருமானவரி அவரை விடவில்லை. ஓய்வு பெற்ற பின் வரிப்பாக்கிக்காகத் திரும்ப மேடையேறினார். 1950இல் எசார்ட் சார்ள்சிடம் தோற்றார். தோற்ற பிறகும் அவர் பெயருக்குக் கூட்டம் இருந்தது. கூட்டம் இருந்தமையால் சண்டைகளும் தொடர்ந்தன. 1951 ஒக்ரோபரில் இளைஞரான மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளும் வரைக்கும் தொடர்ந்தன. தோல்விக்குப் பின் வரும் பெரிய பணம், சில வேளைகளில், ஓய்ந்திருக்க வேண்டிய மனிதனை மேடைக்கு இழுக்கும் தூண்டிலாகிவிடுகிறது.

இனி நம்மவர் இவ்விஷயத்தை எவ்வாறு நோக்கினார்கள் என்று சிறிது பார்ப்போம். மற்போரைப் பாடிய பழைய புலவர்கள் உளர். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அது வெற்றியின் புகழ். ஆனால் என் மாணவர்க்கு நான் எடுத்துக்காட்டியது வேறொரு பாட்டு. புறநானூற்றின் 66ஆம் பாட்டு. வெண்ணிப் பறந்தலையிலே கரிகால் வளவன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். மார்பில் ஏறிய வேல் முதுகிலும் புண் செய்தமையால், புறப்புண்ணுக்கு நாணிச் சேரன் வடக்கிருந்து உயிர் துறந்தான். அவ்வூரிலே மட்பாண்டம் வனையும் குடியிற் பிறந்த வெண்ணிக்குயத்தியார், வென்ற மன்னனையே முன்னிலைப்படுத்தி, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்கும் துணிவு பெற்றார். பரிசில் தரக்கூடியவன் வென்றவன். செத்தவனிடம் தருவதற்கு எதுவுமில்லை. ஆயினும் புலமைப் பெண்ணின் தராசு தோற்றவன் பக்கமே தாழ்ந்தது. இதனை நான் சொன்னபோது வகுப்பிலே சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

மட்டக்களப்பாராகிய நமக்கு இன்னும் அண்மையான உவமை ஒன்று இருக்கிறது. கொம்புமுறி விளையாட்டை இன்றைய பிள்ளைகளுட் பலர் கண்டதில்லை, பெயரளவில் அறிவர். வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூல் இப்பகுதியின் வழக்காறுகளை விரித்துரைப்பது. அதனைப் புரட்டிப் பார்த்தல் பிள்ளைகளுக்கு நல்லது. மழை பொய்த்த காலத்தும் நோய் பரவிய காலத்தும் கண்ணகை அம்மனின் சினம் தணிய வேண்டி ஆடப்பட்டது இவ்விளையாட்டு. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வைரமான கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பிணைத்து இரு பக்கத்தாரும் இழுப்பர். எந்தக் கொம்பு முறிந்ததோ அந்தக் கட்சி தோற்றது. வென்றவர்கள் வசைப்பாட்டுப் பாடித் தோற்றவர்களை நையாண்டி செய்வார்கள். தோற்றவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கவேண்டும். ஆனால் மழை பெய்தால் வடசேரியான் வயலிலும் பெய்யும், தென்சேரியான் வயலிலும் பெய்யும். இழுப்பதற்கு எதிர்க்கட்சி இல்லையென்றால் சடங்கே இல்லை என்பதை எங்கள் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

என் பாட்டனார் சிறுவயதில் தென்சேரிக் கயிற்றைப் பிடித்தவர். தோற்ற ஆண்டின் வசைப்பாட்டை அவர் வயோதிபத்திலும் நினைவில் வைத்திருந்தார். வென்ற ஆண்டைப் பற்றிக் கேட்டால், "அது மறந்துபோச்சு மனே" என்பார்.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். நட்சத்திர வீரர் தோற்ற பின்னர்க் கூடிய பணம் கேட்பது நியாயமா? கேட்கலாம் என்பதே என் அபிப்பிராயம். அது அவரைக் காணவந்தவர்களின் பணம். அதில் அவருக்குப் பங்கு கொடாவிட்டால் அது வென்றவரின் வீட்டுக்குப் போகப் போவதில்லை, போட்டி நடத்தும் முதலாளியின் பெட்டிக்கே போகும். எனக்கு நியாயமாகத் தோன்றாதது இன்னொன்று. அதைப் பற்றி எவரும் தேநீர்க்கடையில் மேசையைத் தட்டுவதில்லை.

அதே யூ.எப்.சி. மேடையில், அதே இரவில், பெயர் தெரியாத இளைஞர்கள் பலர் முற்பகுதியில் சண்டையிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் புதிதாகச் சேரும் வீரனுக்கு வழமையான ஒப்பந்தம், மேடையேறினால் 12,000 டொலர், வென்றால் மேலும் 12,000. அதாவது, தோற்றால் பாதிக் கூலி. அந்தப் பாதியிலிருந்து பயிற்றுநருக்கும் முகாமையாளருக்கும் வரிக்கும் கொடுக்கவேண்டும். ஆண்டிற்கு இரண்டு அல்லது மூன்று சண்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்று நடுவர்களுள் இருவர் ஒரு சுற்றைத் தவறாகக் கணித்துவிட்டால் அவனுடைய வீட்டு வாடகை போயிற்று. நட்சத்திரத்தின் தோல்வி விற்பனைச் சரக்காகிறது. சிறியவனின் தோல்வியோ தண்டமாகிறது. இருவரும் வாங்கிய அடி ஒன்றுதான். உண்மையைச் சொன்னால், தோற்றவனே கூடிய அடி வாங்கினவன். வைத்தியச் செலவும் அவனுக்கே கூட.

டெனிஸ் ஆட்டத்தைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியில் வாகை சூடியவருக்கு 23 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு அதிற் சரிபாதி. முதற் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பியவருக்கும் 55,000 பவுண். எல்லாம் முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட தொகைகள். அங்கே எவரும் தாடை உடைந்து திரும்புவதில்லை என்பதையும் சேர்த்து எண்ணுக.

சண்டை வீரர் சிலர் இக்குறையைச் சொல்லி 2014 டிசம்பரில் யூ.எப்.சி. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். நிறுவனத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு தானும் வீரர்களுக்குச் செல்வதில்லை என்பதும், வேறு பெரிய விளையாட்டுகளில் ஏறத்தாழப் பாதி செல்கிறது என்பதும் அவர்கள் தரப்பு வாதம். பத்தாண்டுகள் இழுபட்டு, 37 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்ப்பதென்ற இணக்கத்திற்கு 2025 பெப்ரவரியில் நீதிமன்றம் இறுதி அங்கீகாரம் அளித்தது. இதற்கிடையில் பலர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிழைப்புக்கு வேறு தொழில் தேடிப் போயிருந்தனர்.

இவ்வளவும் கடல்கடந்த கோடீசுவரர்களின் வழக்குத்தானே, நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

தேநீர்க்கடையிலிருந்த நால்வருள் ஒருவன் அன்று வாயே திறக்கவில்லை. இடது புருவத்தின் மேல் சிறு ஒட்டுத்துணி. பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போகிறான். மாலையில் ஒரு சிறு கொட்டகையில் குத்துச்சண்டை பழகுகிறான். மறுவாரம் அவன் தனியே என் வீட்டிற்கு வந்து, நிலத்தைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னான். வேறொரு மாவட்டத்தில் ஒரு கழகத்தார் நுழைவுக் கட்டணம் வைத்து நடத்திய போட்டிக்கு அவனை அழைத்திருக்கிறார்கள். இறுதிவரை நின்று, புள்ளியிலே தோற்றிருக்கிறான். வென்றவனுக்கு மாலையும் உறையிலே பணமும். இவனுக்கு ஒரு கைகுலுக்கல். புருவத்திற்குத் தையல் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு போதாமல், கூட வந்த கூட்டாளியிடம் கடன் வாங்கி ஊர் வந்து சேர்ந்தான்.

"இப்ப திரும்பவும் கூப்பிடுறாங்க சேர். என்ட சண்டையைத்தான் சனம் கதைக்குதாம். அவனோடயே இன்னொரு தரம் ஆடட்டாம். ஆனா வென்றாத்தானாம் காசு. நான் என்ன கேட்கிறது? தோத்துப்போனவன் கூடக் கேட்டா சிரிக்கமாட்டாங்களா?"

எனக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. வகுப்பிலே ரோசனையும் வெண்ணிக்குயத்தியாரையும் எடுத்துக்காட்டி வாதம் வளர்த்த வாய்தான். நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும் என்று என் மனைவி பிறகு சொன்னாள். அவனுடைய தாயாரும் அதையேதான் சொல்கிறார். தலையில் வாங்கும் அடி எந்தப் பணத்தாலும் திரும்பிவராது என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்க என்னால் முடியவில்லை. ஆனால் அவன் போவதென்று முடிவு செய்திருந்தான். கேள்வி, வெறுங்கையோடு போவதா என்பதே.

அன்று அவனுடைய அம்மப்பாவும் உடன் வந்திருந்தார். நாற்பது ஆண்டு கரைவலை இழுத்த கை. திண்ணையில் இருந்து வெற்றிலை மடித்தவாறே, "வலையில மீன் படாத நாளுமிருக்கு சேர்" என்றார். "அண்டைக்கும் முதலாளி தேத்தண்ணிக்கும் சோத்துக்கும் தருவாரு. பிறகு கணக்கில கழிப்பாரு, அது வேற. ஆனா வெறும் வயித்தோட ஒருத்தனும் கயிறு புடிக்கமாட்டான் எண்டு அவருக்குத் தெரியும். சண்டை வைக்கிற ஆக்களுக்கு இது தெரியாதா?"

அதையே அடிப்படையாக வைத்து ஒரு கடிதம் வரைந்தோம். இருவருக்குப் போக்குவரத்துச் செலவு. காயம் பட்டால் வைத்தியச் செலவு. வென்றாலும் தோற்றாலும் மேடையேறுவதற்கென ஒரு தொகை, அதிற் பாதி முற்பணம். வென்றால் அதற்குமேற் பரிசு. மூன்று முறை அடித்துத் திருத்தினேன். ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தால் முதற் பிரதியில் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டேன். பையன் அதை வெட்டிவிட்டு 'கேட்டுக்கொள்கிறேன்' என்று மாற்றினான். தொகையை நிரப்பும் இடம் வந்தபோது தயங்கினான். போன முறை வென்றவனுக்குக் கொடுத்ததில் பாதியை எழுதச் சொன்னேன். அவன் அதிலும் சற்றுக் குறைத்தே எழுதினான்.

கழகத்தாரிடமிருந்து தொலைபேசியில் மறுமொழி வந்திருக்கிறது. பஸ் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் சம்மதமாம். மேடையேறும் தொகையைப் பற்றிச் செயற்குழு கூடித்தான் சொல்லுமாம். போட்டி அடுத்த மாதம். காலையில் நான் நடக்கப் போகும்போது, கல்லடிக் கடற்கரையில் வலை இழுத்து முடிந்த ஈரச் சாரத்தோடு அவன் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். நேற்று, செயற்குழு கூடிற்றா என்று கேட்டேன். "இன்னும் இல்ல சேர்" என்று சொல்லிவிட்டு, நிற்காமலே ஓடினான்.